உழைப்புக்கும் அடக்க விலை உண்டு



நம் கடைகளில் சம்பளப் பட்டியலில் பெயர் இல்லாமல் நமக்காக உழைக்கிறவர்கள் எத்தனை பேர் என்று ஒருநாள் எண்ணிப் பாருங்கள். மாதம் இரண்டு முறை வந்து பில்களைப் பதிந்து ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் போட்டுக் கொடுக்கும் தம்பி, பில் போடும் கம்ப்யூட்டரைப் பார்த்துக் கொள்ளும் பையன், ஃப்ரீசர் நின்று போனால் ஓடி வரும் மெக்கானிக், எடை இயந்திரம் சரி செய்பவர், சொந்தமாகக் குட்டி யானை வைத்துச் சரக்கு ஏற்றுபவர், போர்டு எழுதுபவர் என்று பூந்தமல்லியிலிருந்து திருமழிசை, குத்தம்பாக்கம் வரை எந்தக் கடையை எடுத்தாலும் ஐந்தாறு பேராவது தேறுவார்கள். இவர்கள் நம் சம்பளத்துக்கு வேலை செய்பவர்களும் அல்ல, கம்பெனி வைத்திருப்பவர்களும் அல்ல. தனி ஆளாக வேலை எடுத்துச் செய்கிறவர்கள். இதற்கு ஃப்ரீலான்ஸ் என்று பெயர் என எங்கள் வீட்டுப் பிள்ளைகள் சொல்கிறார்கள்.

இப்படிப்பட்டவர்கள் தங்கள் வேலைக்கு எப்படி விலை சொல்ல வேண்டும் என்பதைப் பற்றிச் சில கருத்துகளை எழுத விரும்புகிறேன். "அது அவர்கள் பாடு, வியாபாரிகள் பத்திரிகையில் இதை ஏன் எழுத வேண்டும்?" என்று நண்பர்கள் கேட்கலாம். அவர்கள் தவறான விலை சொன்னால் முதல் நஷ்டம் அவர்களுக்கு. இரண்டாவது நஷ்டம், அதுவும் பல நேரங்களில் பெரிய நஷ்டம், நமக்கு. அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் ஒரு வார்த்தையை ஒழிக்க வேண்டும். "நீங்களே பார்த்துக் கொடுங்க அண்ணாச்சி" என்கிற வார்த்தையைத்தான் சொல்கிறேன். வேலை முடிந்து, கையைத் துடைத்துக் கொண்டு, எவ்வளவு என்று கேட்டால் தலையைச் சொறிந்துகொண்டு இதைச் சொல்கிறார்கள். கேட்பதற்கு மரியாதையாகத்தான் இருக்கிறது. ஆனால் நம் கடைக்கு வரும் வாடிக்கையாளரிடம் ஒரு கிலோ துவரம் பருப்பைப் பொட்டலம் கட்டிக் கொடுத்துவிட்டு "நீங்களே பார்த்துக் கொடுங்க" என்று நாம் சொல்வோமா? சொன்னால் எத்தனை நாள் கடை நடக்கும்? விலை சொல்லாதவன் கொடுக்கிறவருடைய அன்றைய மனநிலைக்குத் தன் உழைப்பை விடுகிறான். கல்லாவில் பணம் இருந்தால் ஒரு தொகை, இல்லையென்றால் ஒரு தொகை. கொடுத்தவர் அதிகம் கொடுத்துவிட்டோமோ என்று நினைக்கிறார், வாங்கியவர் குறைவாக வாங்கிவிட்டோமோ என்று நினைக்கிறார். இரண்டு பேருக்கும் திருப்தி கிடையாது.

விலை என்பது எங்கிருந்து வருகிறது என்று நமக்குத் தெரியும். வேறு எந்தத் தொழில்காரரையும் விட மளிகைக்காரனுக்கு இது நன்றாகவே தெரியும். ஒரு கணக்குக்காக, 50 கிலோ பருப்பு மூட்டை 5,500 ரூபாய்க்கு வாங்குகிறோம் என்று வைத்துக் கொள்வோம். கிலோ 110 ரூபாய் ஆகிறது. 110-க்கு மேல் ஒரு ரூபாய் வைத்து விற்றால் லாபம் என்று நினைப்பவன் மூன்று மாதத்தில் ஷட்டரை இழுத்துப் பூட்டிவிடுவான். வண்டி வாடகை, இறக்குக் கூலி 60 ரூபாய். சலித்துப் புடைத்துப் போட்டால் அரைக் கிலோ கழிவு, 55 ரூபாய். கவரும் பொட்டலம் போடும் ஆளும் 75 ரூபாய். கடை வாடகை, கரண்ட் பில் ஆகியவற்றில் இந்த மூட்டையின் பங்கு 110 ரூபாய். மொத்தம் 5,800. ஆக அடக்க விலை கிலோ 116. இதற்கு மேல்தான் நம் லாபம் ஆரம்பிக்கிறது. சரக்கு விற்காமல் ஒரு மாதம் தேங்கினால் வட்டி வேறு. கடன் சொல்லி வாங்கிப் போனவர் ஊரை விட்டே போனால் அதுவும் மற்ற சரக்கின் தலையில்தான் விழும்.

தனி ஆளாக வேலை செய்பவருக்கும் இதே போல் அடக்க விலை உண்டு. கழிவு உண்டு, தேக்கம் உண்டு, வாராக்கடன் உண்டு. வேலை இல்லாத நாள் அவருடைய தேங்கிய சரக்கு. அதிலும் நம் சரக்கை விட மோசமான சரக்கு. நாம் இன்று விற்காத பருப்பை நாளைக்கு விற்கலாம். அவர் இன்று விற்காத நாளை நாளைக்கு விற்க முடியாது. இதை அவரும் கணக்கில் சேர்ப்பதில்லை, நாமும் சேர்க்க விடுவதில்லை. "மேஸ்திரிக்கே ஒரு நாள் கூலி இவ்வளவுதான், உனக்கு என்னப்பா இவ்வளவு?" என்று வாயை அடைத்து விடுகிறோம்.

இதைக் கணக்கு எழுதும் தம்பிகளை வைத்தே விளக்குகிறேன். நமக்கு மிகவும் நெருக்கமான, மிகவும் ஆபத்தான இடம் அதுதான்.

நான் தொழிலுக்கு வந்த காலத்தில் மொத்தக் கடை என்றால் கணக்குப்பிள்ளை என்று ஒருவர் இருப்பார். சிட்டா, பேரேடு எல்லாம் அவர் கையெழுத்தில்தான் இருக்கும். மாதச் சம்பளம், தீபாவளிக்குப் போனஸ், வேட்டி துணி, வீட்டில் விசேஷம் என்றால் ஒரு தொகை. சின்னக் கடைகளுக்குக் கணக்குப்பிள்ளையே தேவைப்பட்டதில்லை. 2007 ஜனவரியில் மதிப்புக் கூட்டு வரி வந்தது, 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. இரண்டுக்கும் பிறகு சின்னக் கடைக்கும் கணக்கு தெரிந்த ஆள் வேண்டியதாயிற்று. ஆனால் முழுச் சம்பளம் கொடுத்து ஓர் ஆளை வைத்துக் கொள்ள வசதி கிடையாது. அப்படித்தான் பி.காம். படித்துவிட்டு, எங்கோ ஆடிட்டர் ஆபீசில் இரண்டு வருடம் இருந்துவிட்டு, சொந்தமாகப் பத்துப் பதினைந்து கடைகளைப் பிடித்துக் கொண்டு கணக்கு எழுதுகிற இளைஞர்கள் உருவானார்கள். நல்ல பிள்ளைகள். அவர்கள் இல்லாவிட்டால் 2017-ல் நம்மில் பாதிப் பேர் திண்டாடியிருப்போம்.

இவர்கள் எவ்வளவு வாங்குகிறார்கள்? எனக்குத் தெரிந்த சின்னக் கடைகளில் மாதம் 500, 600 என்றுதான் பேசி வைத்திருக்கிறார்கள். ஒருவர் 600 கேட்டால் அடுத்தவர் 500-க்கு வருகிறேன் என்கிறார். நாமும் நூறு ரூபாய் மிச்சம் என்று ஆளை மாற்றுகிறோம்.

இப்போது அந்தத் தம்பியின் அடக்க விலையைப் போட்டுப் பார்ப்போம். இதுவும் ஒரு கணக்குக்காகச் சொல்வதுதான், அவரவர் வீட்டுக்குத் தக்கபடி மாற்றிக் கொள்ளலாம். குடும்பம் நடத்த மாதம் 25,000 ரூபாய் வேண்டும் என்றால் வருடத்துக்கு 3 லட்சம். கம்ப்யூட்டர், கணக்கு சாஃப்ட்வேர், இன்டர்நெட், செல்போன், பெட்ரோல், மருத்துவக் காப்பீடு எல்லாம் சேர்த்து வருடம் 70,000. கம்ப்யூட்டர் நான்கு வருடத்தில் தேய்ந்துவிடும் என்று அதன் விலையில் கால் பங்கைத்தான் இதில் சேர்த்திருக்கிறேன். வராத பாக்கிக்கும் கைச் சேமிப்புக்கும் 30,000. ஆக 4 லட்சம்.

இனி நாள் கணக்கு. வருடம் 365 நாள். ஞாயிறு 52 போயிற்று. பண்டிகை 15, உடம்பு சரியில்லாதது, கல்யாணம் காட்சி 10. புதுச் சட்டம் படிப்பது, புதுக் கடை பிடிப்பது, பாக்கி வசூலுக்கு அலைவது என்று 48 நாள் போகும். (வசூலுக்கு அலையும் நாளைக் குறைத்துப் போட்டிருக்கிறேன், நம் ஆட்களைப் பற்றி எனக்குத் தெரியும்.) மிச்சம் 240 நாள். 4 லட்சத்தை 240-ஆல் வகுத்தால் ஒரு நாளைக்கு ஏறக்குறைய 1,667 ரூபாய். கடைக்குக் கடை வண்டியில் போகும் நேரம் கழித்து நாளைக்கு ஆறு மணி நேரம் உருப்படியாக வேலை செய்தால், மணிக்கு சுமார் 278 ரூபாய். லாபம் எதுவும் இல்லை, இது வெறும் அடக்க விலைதான்.

ஒரு மளிகைக் கடையின் கொள்முதல் பில்களைப் பதிந்து, விற்பனையை வரி விகிதப்படி பிரித்து, 2பி படிவத்தோடு ஒத்துப் பார்த்து, 11-ஆம் தேதிக்குள் ஜி.எஸ்.டி.ஆர்.-1, 20-ஆம் தேதிக்குள் 3பி போட எட்டு மணி நேரமாவது ஆகும். அப்படியானால் அடக்கமே 2,200 ரூபாய்க்கு மேல் வருகிறது. அவர் வாங்குவதோ 600.

அப்புறம் எப்படிக் குடும்பம் நடத்துகிறார் என்று கேட்டால், கடைகளின் எண்ணிக்கையை ஏற்றித்தான் நடத்துகிறார். வருடம் 4 லட்சம் என்றால் மாதம் 33,000 சொச்சம். 600 வீதம் 55 கடை வேண்டும். மாதம் 20 நாள், நாளைக்கு 6 மணி நேரம் என்றால் அவர் கையில் இருப்பது 120 மணி நேரம். 55 கடைக்குப் பிரித்தால் ஒரு கடைக்கு இரண்டு மணி நேரம் சொச்சம். எட்டு மணி நேர வேலை இரண்டு மணி நேரத்தில் நடக்கிறது. அதாவது நடப்பதில்லை. பில் கட்டை எடுத்துப் போய் மொத்தமாக ஒரு தொகையைப் போட்டு, 19-ஆம் தேதி ராத்திரி உட்கார்ந்து அனுப்பிவிடுகிறார். சர்வர் படுத்துவிட்டால் 21, 22 ஆகிவிடுகிறது.

அதன் பலன் நம் தலையில்தான். 3பி தாமதமானால் நாளொன்றுக்கு 50 ரூபாய், வியாபாரமே இல்லாத மாதமானால் 20 ரூபாய் தாமதக் கட்டணம். கட்ட வேண்டிய வரிக்கு வருடம் 18 சதவீத வட்டி. தொடர்ந்து இரண்டு மாதம் விட்டால் இ-வே பில் போட முடியாது. ஆறு மாதம் விட்டால் பதிவையே ரத்து செய்யலாம். இதெல்லாம் வாசகர்களுக்குத் தெரிந்ததுதான். ஆனால் 2022 ஜனவரி 1-லிருந்து வந்த விதியைப் பலர் இன்னும் சரியாக உணரவில்லை. நமக்கு விற்றவர் தன் ஜி.எஸ்.டி.ஆர்.-1-ல் நம் பில்லைக் காட்டி, அது நம் 2பி-யில் வந்தால்தான் உள்ளீட்டு வரியை நாம் எடுத்துக் கொள்ள முடியும். ஆகவே மொத்த வியாபாரியின் கணக்குத் தம்பி தாமதம் செய்தால் அடி வாங்குவது அவரிடம் வாங்கிய நாற்பது சில்லறைக் கடைக்காரர்கள்.

எங்கள் சாலையில் ஒரு மொத்தக் கடையில் இப்படியே நடந்தது. நல்ல நாணயமான வியாபாரி. கணக்கு எழுதியவர் இரண்டு மாதம் 11-ஆம் தேதியைத் தவற விட்டார். வாங்கிய கடைக்காரர்கள் போன் மேல் போன். அந்த மாதம் வரியைக் கையிலிருந்து கட்ட வேண்டியதாயிற்று என்று சண்டைக்கே வந்துவிட்டார்கள். ஆறேழு பேர் வேறு மொத்தக் கடைக்குப் போய்விட்டார்கள். அந்த வாடிக்கையின் மதிப்பு என்ன, கணக்கருக்கு மாதம் மிச்சம் பிடித்த தொகை என்ன? அந்தப் பையனைத் திட்டிப் பயனில்லை. அவன் அறுபது கடையைச் சுமந்துகொண்டு ஓடுகிறான்.

எனவே கணக்கு எழுதும் தம்பிகள் ஒரே விலையை எல்லாக் கடைக்கும் சொல்லக் கூடாது. இணக்க முறையில் இருக்கும் சின்னக் கடைக்கு வரி கட்டும் படிவம் மூன்று மாதத்துக்கு ஒன்று, வருடத்துக்கு ஒரு ரிட்டர்ன். அதற்கு 600 போதும், சில கடைக்கு அதுவே அதிகம். மொத்தக் கடைக்கு, பில் எண்ணிக்கையைப் பார்த்து விலை சொல்ல வேண்டும். நூறு பில் வரை ஒரு தொகை, அதற்கு மேல் பில்லுக்கு இவ்வளவு என்று. மூட்டைக்கு இவ்வளவு என்று சுமை தூக்கும் தோழர்கள் பேசி வைத்திருப்பதைப் பாருங்கள். 100 கிலோ மூட்டைக்கு ஒரு கூலி இருந்தது, 50 கிலோவுக்கு ஒன்று, 25 கிலோ சிப்பத்துக்கு ஒன்று. கனத்துக்குத் தக்க கூலி. அவர்கள் யாரும் பார்த்துக் கொடுங்க என்று சொல்வதில்லை. சண்டை போட்டாவது வருடத்துக்கு ஒருமுறை பேசி முடித்துவிடுகிறார்கள், பிறகு நமக்கும் நிம்மதி. பேனா பிடிக்கிறவர்களுக்கு மட்டும் ஏன் இந்தக் கூச்சம் என்று எனக்குப் புரியவில்லை.

பேசிய வேலைக்கு வெளியே வருகிற வேலையைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2022 ஜூலை 18-ல், முன்கூட்டியே பொட்டலமிட்டு லேபிள் ஒட்டிய 25 கிலோ வரையிலான அரிசிக்கு 5 சதவீத வரி வந்தது. உடனே 26 கிலோ சிப்பம் பிறந்தது! அதே அரிசி, கணக்கில் இரண்டு இடம். அதற்குப் பிறகு பெரிய மாற்றம் 2025 செப்டம்பரில். 3-ஆம் தேதி கவுன்சில் முடிவு செய்தது, 22-ஆம் தேதி அமலுக்கு வந்தது. 12, 28 சதவீத விகிதங்கள் எடுக்கப்பட்டன. நெய் 12-லிருந்து 5-க்கு வந்தது. பிஸ்கட், சோப்பு, பற்பசை 18-லிருந்து 5-க்கு வந்தன. நம் கடையில் உள்ள நூற்றுக்கணக்கான அயிட்டங்களுக்கு இடைப்பட்ட 19 நாளுக்குள் பில் கம்ப்யூட்டரில் விகிதம் மாற்ற வேண்டும், கையிருப்புச் சரக்குக்குக் கணக்கு எடுக்க வேண்டும். கம்ப்யூட்டர் பையன்களும் கணக்குத் தம்பிகளும் ராத்திரி பகலாக அலைந்ததை நாம் பார்த்தோம். அதற்குத் தனியாக எத்தனை பேர் கேட்டார்கள், எத்தனை பேர் கொடுத்தோம்? "மாதாமாதம் வாங்குகிறாயே, அதில் இது அடங்காதா?" என்று கேட்டவர்களை எனக்குத் தெரியும். அடங்காது. மாதப் பேச்சில் என்ன அடங்கும், என்ன அடங்காது என்பதை ஆரம்பத்திலேயே ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால் இந்த வழக்கே வராது.

காத்திருக்கும் நேரத்துக்கு விலை வைக்காதது இன்னொரு தவறு. 2020 மே மாதம் கொரோனா காரணமாகக் கோயம்பேடு சந்தையை மூடி, காய்கறி மொத்த வியாபாரத்தைத் திருமழிசைக்கு மாற்றினார்கள். செப்டம்பர் கடைசி வரை அங்கேதான் நடந்தது. மழை பெய்தால் சேறு, சந்தை வாசலில் வண்டிகள் வரிசை. அந்த மாதங்களில் குட்டி யானை வைத்திருந்த தம்பிகள் நல்ல வருமானம் பார்த்திருக்க வேண்டும். கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று மட்டும் பேசியவர்கள் பார்க்கவில்லை. திருமழிசையிலிருந்து பூந்தமல்லி எத்தனை தூரம்! ஓடிய தூரம் கொஞ்சம், நின்ற நேரம் நான்கைந்து மணி. முதல் ஒரு மணி நேரம் சும்மா, அதற்கு மேல் மணிக்கு இவ்வளவு என்று பேசியவர்கள் பிழைத்தார்கள். வாங்கியவர்களுக்கும் அது நல்லதாயிற்று, சரக்கை மளமளவென்று ஏற்றி அனுப்பினார்கள்.

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்குப் போனால் இந்த விஷயத்தில் நாம் கற்றுக் கொள்ள நிறைய இருக்கிறது. அறுபதுகளில் ஆரம்பித்த பேட்டை. அங்கே ஒற்றை லேத் வைத்துக் கொண்டு பெரிய கம்பெனிகளுக்கு ஜாப் ஒர்க் செய்யும் ஆட்கள், மெஷின் மணிக்கு இவ்வளவு என்று கணக்கு வைத்திருப்பார்கள். மெஷின் விலை, தேய்மானம், கரண்ட், டூல் செலவு, ஆள் கூலி எல்லாம் அந்த ஒரு மணியில் அடங்கிவிடும். ஆனால் வாடிக்கையாளரிடம் சொல்வது பீசுக்கு இவ்வளவு என்பதுதான். மணிக் கணக்கு தனக்கு, பீஸ் கணக்கு வாடிக்கையாளருக்கு. இந்த முறைதான் சரி என்பது என் அபிப்பிராயம். மணிக்கு இவ்வளவு என்று வெளியே சொன்னால், கை வேகமானவனுக்குக் கூலி குறைவு, மந்தமானவனுக்குக் கூலி அதிகம் என்றாகிவிடும். பத்து வருட அனுபவத்தில் ஃப்ரீசரை இருபது நிமிடத்தில் ஓட வைக்கும் மெக்கானிக்கிடம் "இருபது நிமிடத்துக்கு 800 ரூபாயா?" என்று கேட்பது நியாயமல்ல. நேற்று வந்தவனாக இருந்தால் இரண்டு நாள் பிரித்துப் போட்டிருப்பான்.

இங்கே ஒரு விஷயத்தில் மட்டும் நான் மாறுபடுகிறேன். வாடிக்கையாளருக்கு எவ்வளவு நஷ்டம் வருமோ அதைப் பார்த்து விலை சொல் என்று இப்போதெல்லாம் இளைஞர்களுக்குச் சொல்லித் தருகிறார்கள். ஃப்ரீசரில் 30,000 ரூபாய் ஐஸ்கிரீமும் வெண்ணெயும் இருக்கிறது, அதனால் 3,000 கேள் என்பது போல. புயல் வந்தால் மெழுகுவத்தி விலையை ஏற்றுகிற கடைக்காரனுக்கும் இதற்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தில் பால் பாக்கெட்டை நூறு ரூபாய்க்கு விற்றவர்களை ஊர் இன்னும் மறக்கவில்லை. ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டால் ராத்திரிக் கூலி என்று தனியாக வைக்கட்டும், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒன்றரை மடங்கு கேட்கட்டும். அதை முன்கூட்டியே சொல்லி வைக்கட்டும். நம் அவஸ்தையை அளந்து பார்த்து விலை சொல்ல வேண்டாம்.

"நீங்கள் சொல்வதெல்லாம் சரி, ஆனால் 500-க்குச் செய்ய ஆள் இருக்கும்போது நான் ஏன் 2,000 கொடுக்க வேண்டும்?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். நியாயமான கேள்விதான், நாமும் வியாபாரிகள்தானே. ஆனால் இதே கேள்வியை நம் வாடிக்கையாளர் நம்மிடம் கேட்டபோது நாம் என்ன சொன்னோம்? பத்து நிமிடத்தில் வீட்டுக்கே கொண்டு வந்து கொடுக்கும் கம்பெனிகள் அடக்க விலைக்கும் கீழே விற்று நம்மை அழிக்கின்றன என்று சொன்னோம். 2024-ல் நுகர்பொருள் விநியோகஸ்தர்களின் அகில இந்தியக் கூட்டமைப்பு இதற்காக இந்தியப் போட்டி ஆணையத்திடமே முறையிட்டது. அடக்கத்துக்குக் கீழே விற்பது நியாயமில்லை என்று டெல்லி வரை போய் முறையிட்டுவிட்டு, நம் கடைக்குள் உட்கார்ந்திருக்கும் பையனை அடக்கத்துக்குக் கீழே வேலை செய் என்று சொல்வது எப்படிப் பொருந்தும்? அந்தக் கம்பெனிக்காவது முதலீட்டாளர் பணம் இருக்கிறது, நஷ்டத்தைத் தாங்கும். இந்தப் பையனுக்கு யார் இருக்கிறார்கள்? இரண்டு வருடம் தாங்குவான், பிறகு இருங்காட்டுக்கோட்டையிலோ ஸ்ரீபெரும்புதூரிலோ ஒரு கம்பெனியில் கார்டு தேய்த்து வேலைக்குப் போய்விடுவான். நம் மூன்று வருடக் கணக்கு அவன் கம்ப்யூட்டரிலேயே போய்விடும்.

எங்கள் குத்தம்பாக்கத்தைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1996-ல் ஊராட்சித் தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டு 2001-ல் மறுபடியும் வெற்றி பெற்ற ஆர்.இளங்கோ அவர்களை வாசகர்கள் பலரும் அறிவார்கள். இந்த ஊர்க்காரர், இன்ஜினியர். இரட்டை இரட்டையாக வீடு கட்டி, சாதி வேறுபாடு இல்லாமல் குடும்பங்களை அடுத்தடுத்துக் குடி வைத்த சமத்துவபுரம் அவர் காலத்து வேலை. அவர் திரும்பத் திரும்பச் சொன்ன ஒரு விஷயம், கிராமத்தில் புழங்கும் பணம் கிராமத்தை விட்டு வெளியே ஓடக் கூடாது, சுற்றுப்புறக் கிராமங்கள் தங்களுக்குள் உற்பத்தி செய்து தங்களுக்குள் வாங்கிக் கொள்ள வேண்டும் என்பது. எண்ணெய், பருப்பு, சோப்பு என்று அவர் உதாரணம் சொல்லும்போது மளிகைக்காரர்களாகிய நாம் கொஞ்சம் நெளிந்ததும் உண்டு. ஆனால் இந்த விஷயத்தில் அவர் கணக்கு நமக்குச் சாதகம். ஊர்ப் பையனுக்குக் கொடுக்கிற 2,000 ரூபாய் எங்கே போகும்? அரிசி, எண்ணெய், பிள்ளைக்குப் பிஸ்கட் என்று பெரும் பகுதி நம் கல்லாவுக்கே திரும்பி வரும். அவனை 500-ல் வைத்தால், நம்மிடமே மாதக் கடைசியில் கடன் சொல்லுவான்.

விலையைச் சரியாகப் பேசினால் மட்டும் போதாது, பணம் வர வேண்டும். இந்த இடத்தில் நம் வர்க்கத்தின் மேல் எனக்கே வருத்தம் உண்டு. மில்காரருக்கு ஏழு நாளில் அனுப்புகிறோம், இல்லாவிட்டால் அடுத்த லோடு வராது. தனி ஆளுக்கு "அடுத்த வாரம் வா தம்பி" என்கிறோம். அவனால் எந்த லோடையும் நிறுத்த முடியாது என்பதால். 2006-ஆம் வருடத்து குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டப்படி, உத்யம் பதிவு உள்ள குறு, சிறு தொழில் செய்பவருக்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு, மாதாமாதம் கூட்டு வட்டி. சேவைத் தொழிலுக்கும் இது உண்டு. 2023 நிதிச் சட்டத்தில் 43பி(எச்) என்று ஒரு விதி வந்தபோது, இப்படிக் கெடு தாண்டிய பாக்கியை அந்த வருடச் செலவாகக் காட்ட முடியாது என்று வருமான வரியிலும் பிடித்தார்கள். 2024 மார்ச்சில் அதற்காக அவசர அவசரமாகப் பாக்கி தீர்த்தவர்களில் நம் நண்பர்களும் இருந்தார்கள். ஆகையால் தனி ஆளாகத் தொழில் செய்யும் தம்பிகள் முதலில் உத்யம் பதிவு செய்து கொள்ளட்டும். காசு கிடையாது, ஆதாரும் பான் எண்ணும் இருந்தால் போதும். பில்லின் தலையில் அந்த எண்ணை அச்சடிக்கட்டும். புதுக் கடையாக இருந்தால் ஒரு மாதத் தொகையை முன்பணமாக வாங்கட்டும்.

சங்கமே ஒரு கட்டணப் பட்டியல் போட்டுவிடலாம் என்று சென்ற மாதம் பேசிக் கொண்டிருந்தபோது ஒரு நண்பர் யோசனை சொன்னார். அது வேண்டாம். விலையைச் சேர்ந்து நிர்ணயிப்பது 2002 போட்டிச் சட்டத்தின் கீழ் சங்கங்களுக்குச் சிக்கலைக் கொண்டு வரும். ஆடிட்டர்களின் கழகம் கூடத் தன் உறுப்பினர்களுக்குப் பரிந்துரைக் கட்டணம் என்றுதான் வெளியிடுகிறது, கட்டாயம் என்று சொல்வதில்லை. நாம் செய்யக் கூடியது, அடக்க விலை போடும் முறையை மட்டும் ஒரு தாளில் அச்சடித்து நம் கடைகளுக்கு வரும் தம்பிகளின் கையில் கொடுப்பது. வருடத்தில் எத்தனை நாள் வேலை, கருவித் தேய்மானம் எவ்வளவு, ஒரு கடைக்கு எத்தனை மணி நேரம் என்று கோடிட்ட இடங்களை அவர்களே நிரப்பிக் கொள்ளட்டும்.

அந்தத் தாளுக்கான மாதிரியைக் கையால் எழுதி வைத்திருக்கிறேன். கணக்கு எழுதுபவர்கள், மெக்கானிக்குகள், வண்டி வைத்திருப்பவர்களில் பத்துப் பேரையாவது அடுத்த மாதக் கூட்டத்துக்கு அழைத்து, அவர்கள் எதிரிலேயே அதை நிரப்பிப் பார்க்கலாம் என்று செயலாளரிடம் கேட்டிருக்கிறேன். 20-ஆம் தேதிக்கு முன் கூட்டம் போட வேண்டாம் என்றும் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன் போட்டால் ஒருவரும் வர மாட்டார்கள்.